தனியே மலையூர் சென்றவரின் முதல் இரவு: ஒரு நிகழ்வு ஆய்வு

கடல்மட்டத்தை ஒட்டிய பெருநகரம் ஒன்றில் வசிக்கும் 34 வயது ஆண் ஒருவர், முதுகுப்பையுடன் தனியாக ஓர் உயர்மலைச் சிற்றூருக்குச் சென்றபோது நேர்ந்ததை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. பயணியும், நகரத்திலிருந்து அவரோடு தொடர்பில் இருந்த அவருடைய அக்காவும் அளித்த ஒப்புதலின் பேரில், அன்றிரவு அவர்களிடையே சென்ற குறுஞ்செய்திகளையும் இருவரும் பின்னர் தனித்தனியே சொன்னதையும் ஒப்பிட்டு இது எழுதப்பட்டுள்ளது. ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும் தரப்படவில்லை. பெரிய விபத்து எதுவும் நேரவில்லை என்பதால் இது பதிவுக்கு உரியதுதானா என்ற கேள்வி எழுந்தது. எனினும், தனியே பயணம் செய்பவருக்கு உடல்நிலை மாறும்போது அதை யார் கவனிப்பது, முடிவை யார் எடுப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்நிகழ்வில் ஓரளவு தெளிவான விடை கிடைப்பதால் எழுதுவது என்று முடிவாயிற்று.

பின்னணி

பயணி கணினித் துறையில் வேலை செய்பவர். வாரத்தில் நான்கு நாள் ஓட்டப் பயிற்சி மேற்கொள்பவர். அரை மாரத்தான்களை முடித்தவர். இதயம், நுரையீரல் தொடர்பான நோய் எதுவும் அவருக்கு இல்லை. நண்பர்களோடு மலைப்பகுதிகளுக்குச் சென்ற அனுபவம் உண்டு என்றாலும், அவை எல்லாம் 2000 மீட்டருக்குக் கீழ்ப்பட்ட இடங்கள். தனியாகச் செல்வது இதுவே முதல் முறை.

அவர் பயணத்துக்குச் சொன்ன காரணம் எளியது. நகரத்தின் இரைச்சலும் நெரிசலும் பல மாதங்களாக அவருடைய தூக்கத்தைக் கெடுத்திருந்தன. ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் ஊரில், யாரோடும் பேச வேண்டிய கட்டாயம் இல்லாமல் பத்து நாள் இருக்க விரும்பினார். அதற்காகச் சுற்றுலாப் பருவம் முடிந்த பின்னுள்ள வாரங்களையும், 3100 மீட்டர் உயரத்தில் உள்ள ஓர் ஊரையும், அந்த ஊரிலும் கடைத்தெருவிலிருந்து விலகியிருந்த ஒரு சிறு விடுதியையும் தேர்ந்தெடுத்தார். அமைதி வேண்டும் என்ற இந்த விருப்பம் இயல்பானது, குறை சொல்ல ஏதுமில்லாதது. ஆயினும் அடுத்து வரும் ஒவ்வொரு முடிவையும் இதுவே ஒரு பக்கமாகச் சாய்த்தது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புறப்படும் முன் செய்த ஏற்பாடுகள்

முதலில் போட்ட திட்டம் நல்ல திட்டம். இரவு ரயிலில் மலையடிவார நிலையத்தை அடைவது, அங்கிருந்து பேருந்தில் 1700 மீட்டர் உயரத்தில் உள்ள இடைப்பட்ட ஊருக்குச் சென்று இரண்டு இரவு தங்குவது, அதன்பின் மேலே செல்வது என்று அவர் எழுதி வைத்திருந்தார். தாழ்வான இடத்திலிருந்து ஒரே நாளில் 2750 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்குச் சென்று உறங்குவதைத் தவிர்க்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட அறிவுரை. 3100 மீட்டரில் காற்றில் உள்ள ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதமாகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அதே அளவுக்குக் குறைகிறது. மூச்சின் வேகத்தைக் கூட்டியும், இரத்தத்தின் அமில காரச் சமநிலையைச் சற்று மாற்றியும் உடல் இதற்கு ஈடு செய்துகொள்ளச் சில நாட்கள் ஆகும்.

புறப்படுவதற்கு முன் அவர் ஒரு மருத்துவரைப் பார்த்தார். உயரத்துக்கு வேகமாக ஏறும்போது ஆக்சிஜன் குறைவால் வரும் மலைநோயின் அறிகுறிகளை மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது, இந்தத் தாளின் ஒரு பிரதியை நகரத்தில் இருக்கும் யாராவது ஒருவரிடம் விட்டுச் செல்லுங்கள் என்றும் சொன்னார். மலைநோய் கண்டவரைத் தனியே விடக்கூடாது என்பது அந்நோய் பற்றிய அடிப்படை விதிகளுள் ஒன்று; தனிப் பயணி என்பவரோ தொடக்கத்திலேயே அந்த விதிக்கு வெளியே நிற்பவர். தலை கனக்கும்போது தன் தலையைக் கொண்டே தன் நிலையை எடைபோட வேண்டிய இக்கட்டு அது. தாளின் பிரதி அக்காவிடம் போய்ச் சேர்ந்தது இந்நிகழ்வின் போக்கை மாற்றிய முதல் செயல் என்பது என் கணிப்பு.

அக்காவும் தம்பியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தினமும் இரவு எட்டு மணிக்கு அவர் மூன்று செய்திகளைத் தெரிவிக்க வேண்டும்: எங்கே இருக்கிறார், நாளை எங்கே போகிறார், உடம்பு எப்படி இருக்கிறது. விடுதியின் தரைவழித் தொலைபேசி எண்ணும் அக்காவிடம் கொடுக்கப்பட்டது. திட்டம் மாறினால் உடனே சொல்ல வேண்டும் என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

பயண நாள்: இடைத்தங்கல் கைவிடப்பட்டது

ரயில் அதிகாலை ஐந்தரை மணிக்கு அடிவார நிலையத்தை அடைந்தது. முன்பதிவு செய்த படுக்கையில் இருந்தும் அவர் இரவு மூன்று மணி நேரத்துக்கு மேல் உறங்கவில்லை. ஆறரை மணிப் பேருந்து அவரை ஒன்பது மணியளவில் இடைப்பட்ட ஊரில் இறக்கிவிட்டது. அந்த ஊர் மலைவழிப் பாதைகள் சந்திக்கும் இடம். லாரிகளும் ஒலிப்பான்களும் கூட்டமுமாக, அவர் விட்டு வந்த நகரத்தின் ஒரு தெருவைத் தூக்கி மலைமேல் வைத்ததுபோல் இருந்தது என்று பின்னர் சொன்னார். அங்கே இரண்டு இரவு தங்கும் எண்ணமே அவருக்குச் சலிப்பைத் தந்தது. மேலே செல்லும் பேருந்து இருபது நிமிடத்தில் புறப்படத் தயாராக நின்றுகொண்டிருந்தது; அடுத்தது மறுநாள் காலையில்தான். அவர் ஏறிவிட்டார்.

இந்த முடிவை எடுக்க அவருக்குக் கிடைத்த நேரம் கால்மணிக்கும் சற்று அதிகம். அதற்குள் அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள் மூன்று: தன் உடல் பயிற்சி பெற்றது, மேலே போனதும் ஓய்வெடுத்துக்கொள்ளலாம், ஊர்க்காரர்கள் தினமும் ஏறி இறங்குகிறார்கள். மூன்றுமே அறிவுள்ளவர்கள் சொல்லக்கூடியவை, மூன்றுமே பயனற்றவை. உடல்தகுதி மலைநோயிலிருந்து காப்பதில்லை. சொல்லப்போனால் தகுதி உள்ளவர் வேகமாக ஏறி, வந்திறங்கிய அன்றே மிகையாக உழைத்துவிடுவது உண்டு. ஊர்க்காரர்களின் உடல் அந்த உயரத்துக்குப் பழகியது. ஓய்வு எடுக்கும் எண்ணமும் அன்று மாலையே கைவிடப்பட்டது. உடன் ஒருவர் இருந்திருந்தால், அவர் மலை மருத்துவம் அறியாதவராகவே இருந்தாலும், இரண்டு நாள் தங்குவதாகத்தானே பேச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். அந்த ஒரு வார்த்தைக்கு அங்கே ஆள் இல்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் மலையூரை அடைந்தார். எட்டரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 2700 மீட்டர் உயர்ந்திருந்தார்.

ஊரில் முதல் மாலை

விடுதி பேருந்து நிற்குமிடத்திலிருந்து படிகள் ஏறிச் செல்ல வேண்டிய தொலைவில் இருந்தது. 13 கிலோ எடையுள்ள பையுடன் அவர் நிற்காமல் ஏறினார். மூச்சு வாங்கியதற்குப் படியின் செங்குத்தைக் காரணமாக்கினார். மேல்மாடியின் கடைசி அறை அவர் கேட்டு வாங்கியது, சத்தம் எட்டாதது. அந்த விடுதியில் அன்று அவரைத் தவிர வேறு விருந்தினர் இல்லை. விடுதியைப் பார்த்துக்கொள்பவர் மாலையில் அடுத்த வீட்டிலுள்ள தன் குடும்பத்திடம் போய்விடுவார்.

நான்கு மணிக்கு அவர் ஊருக்கு மேலே இருந்த ஒரு முகட்டுக்கு, இன்னும் சுமார் 200 மீட்டர் ஏறினார். கதிரவன் மறைவதைப் பார்க்க விரும்பியிருந்தார். ஆனால் பள்ளத்தாக்கில் உள்ள ஊர்களுக்கு மேற்குமலை முன்கூட்டியே வெயிலை மறைத்துவிடும் என்பதை அவர் எண்ணியிருக்கவில்லை. நாட்காட்டி காட்டிய நேரத்துக்கு வெகு முன்பே நிழல் விழுந்தது, வெப்பம் சட்டென்று இறங்கியது. உயரம் 1000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்ற கணக்கில், அவர் காலையில் கிளம்பிய அடிவாரத்தைவிட அங்கே ஏறத்தாழ 19 டிகிரி குளிர் கூடியிருக்க வேண்டும். வியர்த்த சட்டையோடு நடுங்கிக்கொண்டே இறங்கினார்.

ஆறரை மணிக்குத் தலைவலி தொடங்கியது. நெற்றியின் இருபுறமும் துடிக்கும் வலி; குனிந்தால் கூடியது. பசி இல்லை. கைக்கடிகாரம் காட்டிய நாடித்துடிப்பு, வழக்கமாக ஓய்வில் 58 ஆக இருப்பது, 92 ஆக இருந்தது. இவற்றை அவர் கவனிக்காமல் இல்லை. தன் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். காரணங்களையும் எழுதினார்: தூக்கமின்மை, வளைவுப் பாதை, குறைவாகக் குடித்த தண்ணீர், அன்று அருந்தாமல் விட்ட காபி, குளிர்.

இந்தப் பட்டியலை நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். அதில் உள்ள ஐந்து காரணங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. உறக்கம் கெட்டால் தலை வலிக்கும்; வழக்கமாகக் காபி அருந்துபவர் ஒரு நாள் விட்டால் வலிக்கும்; நீர் குறைந்தாலும் வலிக்கும். நகரத்திலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்து மலையூரை அடையும் எவருக்கும், மலைநோயைப் போலவே தோற்றமளிக்கும் வேறு காரணங்கள் கைநிறைய இருக்கும். ஆகவேதான், உயரத்தில் உடல்நலம் குன்றினால் வேறொன்று என்று உறுதியாகும் வரை அதை மலைநோய் என்றே கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் விதி வைத்திருக்கிறார்கள். எளிதான விளக்கம் உண்மையாகவும் இருக்கும்போதுதான் இந்த விதி தேவைப்படுகிறது.

இரவு எட்டு மணி

எட்டு மணிக்கு அவர் அனுப்பிய செய்தி, ஊர் சேர்ந்துவிட்டதாகவும், களைப்பாக இருப்பதால் சீக்கிரம் படுக்கப்போவதாகவும் மட்டும் சொன்னது. எந்த ஊர் என்று இல்லை. அக்கா இரண்டைக் கவனித்தார். ஒன்று, திட்டப்படி அவர் அன்று இடைப்பட்ட ஊரில் இருக்க வேண்டும். அங்கே சேர்ந்ததைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு, மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு மட்டுமே விடை வந்திருக்கிறது. நீளமாக எழுதும் பழக்கமுள்ளவருக்கு அது பொருந்தவில்லை. செய்தியால் கேட்காமல் நேரே அழைத்தார்.

மருத்துவர் கொடுத்த தாளில் இருந்தது, 2018 இல் திருத்தப்பட்ட லேக் லூயிஸ் மதிப்பெண் முறை. தலைவலி, வயிற்றுக்கோளாறு, களைப்பு, தலைச்சுற்றல் ஆகிய நான்குக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பெண் கொடுத்துக் கூட்ட வேண்டும். சமீபத்தில் உயரம் ஏறியவருக்குத் தலைவலி இருந்து கூட்டுத்தொகை மூன்றோ அதற்கு மேலோ வந்தால் அது மலைநோய். பழைய முறையில் இருந்த தூக்கமின்மை அத்திருத்தத்தில் நீக்கப்பட்டது. உயரம் ஏறி ஆறு மணி நேரம் கழிந்த பின்னரே மதிப்பிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. பயணக் களைப்பை நோயாகக் கணக்கிட்டுவிடாமல் இருக்கவே அந்த இடைவெளி. தற்செயலாக, அவர் ஊரை அடைந்து அப்போது சரியாக ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். தலைவலிக்கு இரண்டு, பசியின்மைக்கும் இலேசான குமட்டலுக்கும் ஒன்று, களைப்புக்கு இரண்டு, தலைச்சுற்றல் இல்லை, மொத்தம் ஐந்து. மூன்று முதல் ஐந்து வரை இலேசான நிலை எனக் கொள்ளப்படுகிறது. அடுத்து, தரையில் ஒரு நேர்கோட்டில் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூளையில் நீர் கோத்து வீக்கம் ஏற்படும் ஆபத்தான நிலையில் முதலில் தடுமாறுவது இந்த நடைதான். அவர் தடுமாறாமல் நடந்தார். சும்மா இருக்கும்போது மூச்சுத்திணறலோ இருமலோ இல்லை.

கைக்கடிகாரம் இரத்த ஆக்சிஜன் அளவை 88 என்று காட்டியதாக அவர் சொன்னபோது அக்கா திடுக்கிட்டார். ஆனால் அந்த உயரத்தில் புதிதாக வந்த நலமானவருக்கும் அதை ஒட்டிய எண்கள் வரக்கூடும் என்பதாலும், மணிக்கட்டுக் கருவிகள் அவ்வளவு நம்பத்தக்கவை அல்ல என்பதாலும், அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று மருத்துவரின் தாளில் இருந்தது. அவர்கள் அதைப் பிறகு பார்க்கவில்லை.

எடுத்த முடிவும் அதற்கான காரணங்களும்

அப்போதே இறங்குவதா, அங்கேயே இரவைக் கழிப்பதா என்பதே கேள்வி. இறங்கினால் நலம் என்பதில் ஐயமில்லை. 300 முதல் 1000 மீட்டர் வரை இறங்கினாலே பெரும்பாலும் அறிகுறிகள் தணியும். ஆனால் பாதையில் அடர்ந்த மூடுபனி. கொண்டை ஊசி வளைவுகள். ஊரில் இருந்த வாடகை ஜீப்புகளில் அந்த நேரத்தில் யார் வருவார்கள் என்பதும் தெரியாது. இலேசான மலைநோய்க்கு அதே உயரத்தில் தங்கி, மேலே ஏறாமல், ஓய்வெடுத்துக் கண்காணிப்பது மருத்துவ முறைப்படி ஏற்கத்தக்கது. கண்காணிக்க ஆள் வேண்டும் என்பதே இதில் உள்ள சிக்கல்.

அக்கா விடுதியின் தரைவழி எண்ணுக்கு அழைத்தார். மணி ஒலித்து ஓய்ந்தது. பின்னர் பயணியே எழுந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட நேர்ந்தது. விடுதியைப் பார்த்துக்கொள்பவருக்கும் அக்காவுக்கும் இடையே பொதுமொழி அரைகுறையாகவே இருந்ததால், அக்கா தன் வேண்டுகோளை இரண்டே செயல்களாகச் சுருக்கினார்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பேசிப் பார்க்க வேண்டும், நேர்கோட்டில் நடக்கச் சொல்ல வேண்டும். பேச்சு குழறினால், நடை தடுமாறினால், சும்மா இருக்கையில் மூச்சு வாங்கினால், இருமல் வந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், பனியானாலும் இருட்டானாலும் உடனே கீழே இறக்க வேண்டும் என்பது மூவருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது.

பார்த்துக்கொள்பவர் இதற்கு மேல் ஒன்று செய்தார். யாரும் கேட்காமலே பயணியை மேல்மாடியின் கடைசி அறையிலிருந்து கீழ்த்தளத்தில் வாசலை ஒட்டிய அறைக்கு மாற்றினார். உள்தாழ்ப்பாள் போட வேண்டாம் என்றார். பருவந்தோறும் விருந்தினர்களைப் பார்த்துப் பழகியவரின் அறிவு அது. மேல்மாடியில் தாழிட்ட அறையில் ஒருவர் நினைவிழந்தால், வெளியிலிருந்து தட்டுபவரால் என்ன செய்ய முடியும் என்பதை அக்காவும் எண்ணவில்லை, மருத்துவரின் தாளும் சொல்லவில்லை.

பயணியிடம் முன்பு எப்போதோ வாங்கிய தூக்க மாத்திரை ஒன்று இருந்தது. நல்ல உறக்கம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் அதை எடுத்துக்கொள்ள எண்ணியிருந்தார். அத்தகைய மாத்திரைகளும் மதுவும் உறக்கத்தில் மூச்சோட்டத்தை மந்தப்படுத்தக்கூடியவை. உயரத்திலோ உடல் தன்னைக் காத்துக்கொள்ளக் கையாளும் வழியே கூடுதலாக மூச்சு விடுவதுதான். அக்கா வேண்டாம் என்றார். தலைவலிக்குப் பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொண்டார்.

இரவு

பத்து மணிக்கு மாற்றம் இல்லை. நள்ளிரவில் குமட்டல் கூடியிருந்தது, எழுந்தால் தலை சுற்றியது. அக்கா தொலைபேசியில் கூட்டிய மதிப்பெண் ஏழு. ஆறு முதல் ஒன்பது வரை நடுத்தர நிலை. நடை இன்னும் நேராகவே இருந்தது. உறங்கும்போது மூச்சு சில விநாடி நின்று பின் ஆழமாக வருவதாக விடுதியைப் பார்த்துக்கொள்பவர் சொன்னார். கேட்பவருக்கு அச்சமூட்டினாலும் உயரத்தில் உறங்குபவர்களிடம் அது பரவலாகக் காணப்படுவதே.

இரண்டு மணிக்கு ஒருமுறை வாந்தி. திரும்பத் திரும்ப என்ற நிபந்தனைக்குள் அது வரவில்லை. ஆனால் நிலை மோசமாகிக்கொண்டிருக்கிறது என்பது தெளிவு. அக்கா அப்போது, இனிக் காத்திருப்பது விடியும் வரை மட்டுமே என்று முடிவு செய்து, பார்த்துக்கொள்பவர் மூலம் ஜீப் ஓட்டுநர் ஒருவரை எழுப்பி ஐந்து மணிக்கு வரச் சொல்ல ஏற்பாடு செய்தார். ஓட்டுநர் கிடைக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

இந்நிகழ்வில் விவாதத்துக்கு உரிய இடம் இதுதான். மதிப்பெண் ஏழு ஆன நள்ளிரவிலேயே இறங்கியிருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு, அதில் நியாயமும் உண்டு. நடை சீராகவும் பேச்சுத் தெளிவாகவும் மூச்சு இயல்பாகவும் இருந்த நிலையில், மூடுபனிப் பாதையின் ஆபத்தோடு ஒப்பிட்டு விடியலுக்குக் காத்திருந்தது ஏற்கத்தக்க முடிவு என்றே நான் கருதுகிறேன். ஏற்க முடியாதது வேறொன்று: இறங்குவதற்கான நிபந்தனைகளை எட்டு மணிக்கே வகுத்தவர்கள், இறங்குவதற்கான வண்டியை இரண்டு மணிக்குத்தான் தேடினார்கள். அந்த ஆறு மணி நேரமும், நிலை திடீரென்று மோசமாகியிருந்தால், அவர்களிடம் இருந்தது வெறும் வாக்கியம் மட்டுமே.

இறங்குதல்

ஐந்தேகாலுக்கு ஜீப் புறப்பட்டது. பார்த்துக்கொள்பவரும் உடன் சென்றார். பாதி வழியிலேயே வலி தணியத் தொடங்கியதாகப் பயணி சொன்னார். எட்டு மணியளவில் 1700 மீட்டரில், முந்தைய நாள் அவர் தங்க மறுத்த ஊரின் மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டார். நுரையீரலில் நீர் கோத்ததற்கான அடையாளம் இல்லை, ஆக்சிஜன் தேவைப்படவில்லை. ஓய்வும் நீரும் போதும் என்றார்கள். மாலைக்குள் தலைவலி முற்றிலும் விட்டது, பசியும் திரும்பியது.

மறுபடி ஏறியது

பயணத்தை முடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும் என்பது குடும்பத்தில் சிலரின் கருத்து. மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. அறிகுறிகள் அடியோடு விலகிய பின், படிப்படியாக ஏறுவதாக இருந்தால் தடையில்லை என்றார். கடந்தமுறை மலைநோய் கண்டவருக்கு அடுத்தமுறையும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அசெட்டசோலமைடு மாத்திரையைச் சிறிய அளவில், 125 மில்லிகிராம் இருவேளை, பரிந்துரைத்தார். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்டுக்கொண்டார். அந்த மருந்து சிறுநீரகம் வழியே பைகார்பனேட்டை வெளியேற்றி இரத்தத்தைச் சற்று அமிலமாக்குகிறது; அதனால் மூச்சு தானாகவே கூடுகிறது. அறிகுறிகளை மறைத்துவிடும் மருந்து அன்று அது. உடல் தானே செய்துகொள்ளும் பழக்கத்தை விரைவுபடுத்துவது. விரல்நுனிகளில் மதமதப்பும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் பக்கவிளைவுகளாக வரும் என்று சொல்லப்பட்டது, இரண்டும் வந்தன.

இடைப்பட்ட ஊரில் இரண்டு இரவு, 2500 மீட்டரில் ஒரு சிற்றூரில் ஓர் இரவு, அதன்பின் மலையூர். இம்முறை முதல் நாள் அவர் விடுதி வாசலைத் தாண்டவில்லை. தலைவலி வரவில்லை. எஞ்சிய நாட்களை அவர் விரும்பியபடியே அங்கே கழித்தார். நடைகளுக்குப் போகும்போது, 1892 இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்குப்படி, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி என்று கணித்து, அதற்கு மேல் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். அந்த நடைகளில் பதிவு செய்யும்படி எதுவும் நடக்கவில்லை.

எது காத்தது, எது காக்கவில்லை

பையில் இருந்த பொருட்கள் எதுவும் இந்நிகழ்வில் பெரிதாக உதவவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. நல்ல காலணி, மழைச்சட்டை, தலைவிளக்கு, பவர் பேங்க், இணையம் இல்லாமலே இயங்கும் வரைபடம் என யாவும் இருந்தன. தேவைப்பட்டதோ, நகரத்தில் ஒருவரிடம் இருந்த ஒரு தாளும், அவரிடம் இருந்த ஒரு தொலைபேசி எண்ணும், அடுத்த வீட்டில் இருந்த ஓர் ஆளும். இந்த மூன்றில் முதலாவது மட்டுமே திட்டமிட்டபடி வேலை செய்தது. தொலைபேசி எண் இரவில் யாரும் எடுக்காத எண்ணாக இருந்தது. முன்பே ஒருமுறை இரவில் அழைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அடுத்த வீட்டுக்காரர் அன்று ஊரில் இருந்தது நல்வாய்ப்பு.

பயணியால் அன்றிரவு அடுத்த வீட்டு வரை நடந்து போக முடிந்தது என்பதையும் மறக்கக்கூடாது. போக முடியாத நிலையில் அக்கா செய்திருக்கக்கூடியது, அந்த ஊரின் காவல் நிலைய எண்ணைத் தேடுவதுதான். அது அவரிடம் இல்லை.

அவர் தேடிச் சென்ற அமைதி, பருவம் கடந்த ஊர், தனித்த விடுதி, ஆளற்ற மேல்மாடி என்று அடுக்கடுக்காக அமைந்தபோது, ஒவ்வோர் அடுக்கிலும் அவரைப் பார்க்கக்கூடிய ஒரு கண் குறைந்தது. நகரத்தில் ஒருவர் முகம் வெளுத்தால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அமைதியான ஊரில் அந்தப் பார்வையை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதற்காக அமைதியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கிறது.

மாற்றப்பட்டவை

அடுத்த பயணத்துக்கு இருவரும் தம் ஏற்பாட்டைத் திருத்தி எழுதினார்கள். இடைத்தங்கலுக்கான அறைக்குப் பணம் முன்பே செலுத்தப்படும். சலிப்பின் பேரில் மனம் மாறினாலும் நட்டம் ஒரு முறை யோசிக்க வைக்கும் என்பது பயணியின் எண்ணம். அது எவ்வளவு தூரம் தடுக்கும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. திட்டம் மாறினால் வண்டியில் ஏறுவதற்கு முன் அக்காவிடம் சொல்லியாக வேண்டும் என்ற விதி அதைவிட உறுதியானதாகத் தோன்றுகிறது. இருபது நிமிடத்தில் எடுக்கும் முடிவில் இன்னொருவரின் குரல் நுழைய அதுவே வழி. விடுதியில் சேர்ந்த உடனே, தனியாக வந்திருப்பதையும் முதல் இரவு ஒருமுறை எழுப்பிப் பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுவது, கீழ்த்தள அறை கேட்பது, இரவில் வரக்கூடிய ஓட்டுநர் ஒருவரின் எண்ணை முதல் நாள் பகலிலேயே வாங்கி அக்காவுக்கு அனுப்புவது ஆகியவையும் சேர்க்கப்பட்டன. இரத்த வகை, ஒவ்வாமை, தொடர்புகொள்ள வேண்டியவர் ஆகிய விவரங்களை அவ்வூர் மொழியில் எழுதிய சிறு தாள் சட்டைப்பையில் இருக்கும். எட்டு மணிச் செய்தி வராவிட்டால் ஒன்பது மணிக்கு விடுதிக்கும், அங்கே எடுக்காவிட்டால் ஓட்டுநருக்கும், பத்து மணிக்கு உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் அழைப்பது என்று வரிசையும் குறிக்கப்பட்டது.

ஒரே ஒரு கூறில் மட்டும் இருவருக்கும் உடன்பாடு எளிதில் ஏற்படவில்லை. இறங்கி வா என்று அக்கா சொன்னால் விவாதம் இல்லாமல் இறங்க வேண்டும் என்பது அக்காவின் கோரிக்கை. பத்து நாளும் ஒருவர் சொல்கேட்டு நடப்பதானால் தனியே போவதில் என்ன இருக்கிறது என்பது தம்பியின் கேள்வி. முதல் இரண்டு இரவுகளுக்கு மட்டும் அந்த அதிகாரத்தைத் தர அவர் முன்வந்தார். நுரையீரலில் நீர் கோக்கும் நிலை உயரத்தை அடைந்த இரண்டாம் இரவு முதல் நான்காம் இரவுக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு வந்து அக்கா எடுத்துக்காட்டினார். புதிய உயரத்தில் உறங்கும் முதல் நான்கு இரவுகளுக்கு அக்காவின் சொல்லே முடிவு, ஐந்தாம் நாள் காலையிலிருந்து பயணியின் சொல்லே முடிவு என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.